படத்தை மூடி வாசித்த பிள்ளை

அந்தப் பிள்ளை எந்தப் பக்கத்தையும் முழுசாக வாசித்து நான் பார்த்ததில்லை. மேலே இரண்டு வரி, கீழே ஒரு வரி. இடையில் என்ன கிடந்தாலும் கொம்பியூட்டர் சுட்டியின் சில்லை விரலால் ஒரே உருட்டாக உருட்டிக் கடந்துவிடுவாள்.

"தலையும் வாலும் பாத்தாப் போதும் சேர். நடுவுல சும்மா கதை அளந்திரிப்பாங்க" என்பாள்.

மட்டக்களப்பு நகரத்தில், வாவிப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றின் முகப்பில் அவளுடைய கடை இருந்தது. கொமினிகேசன் என்று பலகையில் எழுதியிருக்கும். இரண்டு தொலைபேசிக் கூடுகள், போட்டோக் கொப்பி எடுக்கிற மெசின் ஒன்று, சுவரோடு வரிசையாக நான்கு கொம்பியூட்டர்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் செல் குண்டு விழுந்து, சனம் சட்டி பானையோடு இந்தக் கரைக்கு வந்து பள்ளிக்கூடங்களிலும் மரங்களின் கீழும் கிடந்த காலம் அது. நான் கச்சேரியில், அதுதான் மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், புள்ளிவிபரப் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றிருந்தேன். ஆட்களையும் மாடுகளையும் கிணறுகளையும் எண்ணியே உத்தியோக காலத்தைக் கழித்தவன். அந்தப் பழக்கம் ஓய்வு பெறவில்லை. எங்கே போய் உட்கார்ந்தாலும் கதவு எத்தனை, ஜன்னல் எத்தனை, ஓடித் தப்ப வழி எத்தனை என்று மனம் எண்ணத் தொடங்கிவிடும். அவளுடைய கடைக்கு வழி ஒன்றுதான். அதுவே எனக்குப் பெரிய கவலை.

கனடாவில் இருக்கும் மகள் அனுப்புகிற மின்னஞ்சலை வாசிக்கத்தான் அங்கே போகத் தொடங்கினேன். பிறகு அது செவ்வாய், வெள்ளி வழக்கமாகிப் போனது.

அவளுக்கு முப்பது வயது இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு, மேசைக்குக் கீழே இருந்த பற்றரிப் பெட்டிக்கு மேல் பாதத்தை வைத்துக்கொள்வாள். பெட்டி இளஞ்சூடாக இருக்குமாம். கச்சான் கடலை கொறித்துக்கொண்டே தட்டச்சுச் செய்வாள். வேறு யாராவது கொம்பியூட்டருக்குப் பக்கத்தில் ஒரு கச்சானை உடைத்தால், "தின்னுறதெண்டா ரோட்டுல நிண்டு தின்னுட்டு வாங்க" என்று சத்தம் போடுவாள்.

எனக்கு இரவில் அடிக்கடி எழும்பிச் சலம் கழிக்கிற தொந்தரவு வந்தபோது, வெட்கத்தை விட்டு அவளிடம்தான் கேட்டேன். ஆங்கிலத்தில் தட்டினாள். பக்கம் வந்தது. மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், மூடப் போனாள்.

"பொறு மகள், என்ன போட்டிரிக்கு?"

"தலையில 'வயசானா வாறது' எண்டிரிக்கு சேர். வாலில 'டொக்டரைப் பாருங்க' எண்டிரிக்கு."

"நடுவுல?"

"நடுவுல நீங்க பயப்பிடுறதுக்கெண்டு எழுதியிரிக்கு."

நான் விடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடுவையும் வாசித்தேன். மூன்று நாள் நித்திரை இல்லை. நாலாம் நாள் டொக்டரிடம் போனபோது, அவர் வயதானால் வருவதுதான் என்றார். இதை அவளிடம் போய்ச் சொன்னதுதான் பிழை. அதற்குப் பிறகு நான் கடைக்குள் காலை வைத்தாலே, "சேர் நடுவை வாசிக்க வந்திட்டார்" என்று தொலைபேசிக் கூட்டுக்குள் நிற்பவர்களுக்கும் கேட்கச் சொல்வாள்.

அவளிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. எல்லாக் கொம்பியூட்டரிலும் படங்களை மூடி வைத்திருந்தாள். அந்த நாளில் இணையம் தொலைபேசி வயரால் வந்தது. படத்தோடு ஒரு பக்கம் திறந்தால் ஒரு தேத்தண்ணி குடித்து முடித்துவிடலாம். அதனால் எழுத்து மட்டும் வரும்படி செய்திருந்தாள். படம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைப் பெட்டியும் மூலையில் பெருக்கல் குறி போல ஒரு சின்னச் சிவப்புப் புள்ளடியும் நிற்கும். எழுத்தை அவள் வாசிக்க, நான் புள்ளடிகளை எண்ணிக்கொண்டு இருப்பேன்.

"படம் லைனை இழுக்குது சேர். எழுத்துப் போதும்" என்பாள். லைனுக்காக மட்டும்தான் மூடினாளா என்று நான் பின்னால் யோசித்ததுண்டு.

அவளிடம் வந்த சனத்தில் பாதிக்கு மேல் தாய்மார். வளைகுடாவில் இருக்கிற புருசனுக்குக் கோல் எடுக்க வருகிறவர்கள் வந்து போக, இவர்கள் மட்டும் நீட்டு வாங்குப் பலகையில் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். மகனை, மருமகனை, தம்பியைக் காணாதவர்கள். பத்திரிகை வந்து சேர இரண்டு நாள் பிந்தும், வந்தாலும் பாதிச் செய்திதான் இருக்கும். இன்ரநெற்றில் எல்லாம் இருக்கு என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதனால் அவளிடம் வந்து பேரைச் சொல்வார்கள்.

அவள் தேடும் முறை இதுதான். மட்டக்களப்பு என்றும் சடலம் என்றும் ஆங்கிலத்தில் தட்டுவாள். பழசும் புதுசுமாகச் செய்திப் பக்கங்கள் வந்து விழும். ஒவ்வொன்றாகத் திறந்து, சொல் தேடுகிற சின்னப் பெட்டியில் காணாமல் போனவரின் பேரைப் போடுவாள். பேர் அந்தப் பக்கத்தில் இல்லையென்றால் கொம்பியூட்டர் 'டிங்' என்று ஒரு சத்தம் போடும். அவ்வளவுதான். அடுத்த பக்கம். அடுத்த டிங். எல்லாம் முடிந்ததும் திரும்பி, "இல்லம்மா. பயமில்லாமப் போங்க" என்பாள்.

தாய்மாருக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது. எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களும் அதை வாசித்தார்கள். ஒரு டிங் கேட்டால் ஒரு பெருமூச்சு. "மணி அடிச்சிட்டு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். ஒருமுறை லைன் அறுந்து மணி அடிக்காமல் நின்றுவிட, செங்கலடியில் இருந்து வந்த மனிசி ஒன்று வாங்கிலேயே மயங்கிச் சரிந்தது. இவள் தண்ணீர் தெளித்துவிட்டு, "அறுவான் லைன்தான்கா போயிட்டு, உங்கட ஆளுக்கு ஒண்டுமில்ல" என்று கத்தியது எனக்கு இன்னும் கேட்கிறது.

அமிர்தகழியில் இருந்து ஒரு அம்மா கிழமைக்கு இரண்டு தரம் வருவார். நான் வரும் அதே செவ்வாயும் வெள்ளியும். பத்தொன்பது வயது மகன், மாமாங்கக் கோயிலடிக்கு சைக்கிளில் போனவன், சைக்கிளும் இல்லை ஆளும் இல்லை. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு சுவர்ப்பக்கம் உட்காருவார். மணி அடித்து முடிந்ததும் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "அவன் எங்கேயோ நல்லாச் சாப்பிட்டுக்கொண்டு இரிக்கான், நான்தான் இஞ்ச காயிறன்" என்று மகனைத் திட்டிவிட்டுப் போவார். அந்தத் திட்டைக் கேட்பதற்கென்றே இவள் அவருக்கு முதலில் பார்த்துக் கொடுப்பாள்.

தன்னுடையதை அவள் காலையில் கடை திறந்ததும் பார்த்து முடித்துவிடுவாள் என்பது எனக்குத் தெரிய வெகு நாளானது. ஒரு வெள்ளிக்கிழமை நான் நேரத்தோடு போய்விட்டேன். கதவு அரைவாசி திறந்திருந்தது. அவள் வழக்கம்போலப் பக்கங்களைத் திறந்து பேரைப் போட்டுக்கொண்டு இருந்தாள். டிங். டிங். டிங். பக்கத்தில் ஒருவரும் இல்லை.

"ஆருக்கு மகள் பாக்கிறாய்?"

"எங்கட இவருக்குத்தான் சேர்."

அவளுடைய புருசன் லொறி ஓட்டியவர். வாழைச்சேனைக்கு மூட்டை ஏற்றப் போன லொறி வழியில் ஓரமாக நிறுத்தியபடி கிடந்ததாம், சாவித் துவாரத்தில் திறப்பும் இருந்ததாம். அவரை மட்டும் காணவில்லை. அவள் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. ஏழு மாதம் ஆகிவிட்டது என்றாள். சொல்லிக்கொண்டே கடைசிப் பக்கத்தில் மணி அடித்ததும், பாதத்தைப் பற்றரிப் பெட்டிக்கு மேல் தூக்கி வைத்து, "இண்டைக்கும் இல்ல. தேத்தண்ணி சொல்லட்டா சேர்?" என்றாள். முகம் அப்படித் தெளிவாக இருந்தது.

தைப்பொங்கல் கழிந்து ஒரு செவ்வாய்க்கிழமை, அமிர்தகழி அம்மாவுக்குப் பார்த்துக்கொண்டு இருக்கும்போது புதுப் பக்கம் ஒன்று வந்தது. வாவியின் தெற்குக் கரையில் கண்ணா மரப் பற்றைக்குள் ஒரு உடல். அவள் தலையை வாசித்தாள். "ஆம்பிளை. பேர் தெரியாதாம். முப்பத்தைஞ்சு வயசு மதிக்கலாமாம்." வாலையும் வாசித்தாள். "கோட்டு நீதவான்ட உத்தரவில குழி வெட்டித் தாட்டிட்டாங்களாம்." பேரைப் போட்டாள். மணி அடித்தது.

அந்த அம்மா வெற்றிலையை மெல்லாமல் இருந்தார். "ஆற்ற பிள்ளையோ" என்றார்.

"ஆரோ அம்மா. உங்கட மகனுக்குப் பத்தொன்பது, இது வளந்த ஆள். நீங்க பயமில்லாமப் போங்க."

நானும் அருகில் இருந்தேன். அந்தப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெட்டியும் ஒரு சிவப்புப் புள்ளடியும் இருந்தன.

இனி அந்த நாள். மாசி மாதம், பகல் பதினொரு மணி இருக்கும். காத்தான்குடியில் இருந்து கட்டாரில் வேலை செய்துவிட்டு வந்த முஸ்லிம் நானா ஒருவர் இரண்டாம் கொம்பியூட்டரில் வான் வண்டி ஒன்று வாங்கப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"என்ன தங்கச்சி இது, வானைத் தேடினா வெறும் பெட்டியெல்லாம் வருது. வெள்ளைப் பெட்டியை வாங்கிக்கொண்டு போய் எங்கட வீட்டுக்காரிக்கு நான் என்னெண்டு காட்டுற?"

"கலரும் விலையும் எழுத்தில இரிக்கும் நானா, வாசிங்க."

"எழுத்தை வாசிச்சு ஆரும் வான் வாங்குவானா? பொண்ணும் வானும் கண்ணால பாக்கவேணும்."

வாங்கில் இருந்த தாய்மார்கூடச் சிரித்தார்கள். அவர் வெளிநாட்டில் பழகியவர், எங்கேயோ போய் எதையோ அழுத்திப் படத்தைத் திறந்துவிட்டார். அவள் ஏசினாள். வான்கள் மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கி வர, அவர் நெடுநேரம் பார்த்துவிட்டுத் திருப்தியாக எழுந்து போனார். அதை யாரும் மறுபடி மூடவில்லை.

அமிர்தகழி அம்மா வந்தார். அவள் வழக்கமாக உட்காரும் முதலாவது கொம்பியூட்டர் அன்று கிளம்பவில்லை. "இதில பாப்பம் அம்மா" என்று இரண்டாவதுக்குப் போனாள். நான் மூன்றாவதில், மகளின் கடிதத்தோடு இருந்தேன். தட்டினாள், பக்கங்கள் விழுந்தன. திறந்தாள், பேரைப் போட்டாள், மணி. திறந்தாள், போட்டாள், மணி. வாவிக்கரைப் பக்கமும் வந்தது. பழைய பக்கம்தான், ஒவ்வொரு முறையும் வருவதுதான். பேரைப் போட்டாள். மணி அடித்தது. அந்த அம்மா பெருமூச்சு விட்டார்.

அவள் பக்கத்தை மூட எடுத்த கை நின்றது.

தலைப்புக்குக் கீழே படம் இறங்கிக்கொண்டு இருந்தது. முதலில் கொஞ்சம் இலை. பிறகு ஈரமான மண். பிறகு மயிர். நெற்றி வந்தது. கண் வந்தது. இரண்டு விரல் அகலத்துக்கு ஒருமுறை நின்று நின்று வந்தது. லைன் அப்படி. எழுந்து ஓடவும் விடாமல், ஒரேயடியாகக் காட்டவும் செய்யாமல், அது தன்பாட்டில் இறங்கியது. அடையாளம் காட்டுவதற்கென்று எடுத்த படம். முகம் பழுதில்லாமல் இருந்தது. அதுதான் கொடுமை. சந்தேகப்பட இடமே இல்லை.

அவளுடைய மேசைக் கண்ணாடிக்குக் கீழே, கலியாணப் படத்தில் அதே முகத்தை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்.  

அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "மணி அடிச்சிட்டுத்தானே புள்ள, ஏன் நிக்கிறாய்?" என்றார்.

அவள் அழவில்லை. கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தாள். பக்கத்தை மேலே உருட்டினாள். முதல் வரியில் தொடங்கினாள். ஆங்கிலத்தை ஒரு வசனமாக வாசித்து, பிறகு தமிழில் சொன்னாள், வாங்கில் இருக்கும் யாருக்கோ பார்த்துச் சொல்வது போல. மீன் பிடிக்கப் போனவர்கள் கண்டார்களாம். நீலக் கோடு போட்ட சாரமாம். கைகள் பின்னால் கட்டியிருந்ததாம். சேட்டுப் பையில் ஒரு சீப்பாம். ஆஸ்பத்திரியில் இத்தனை நாள் வைத்திருந்தார்களாம், உரிமை கோர ஆரும் வரவில்லையாம். நடுவில் இருந்த ஒவ்வொரு வரியையும் வாசித்தாள்.

"ஆரும் வரவில்லையாம் சேர்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். "ஆஸ்பத்திரி இந்த ரோட்டிலதான் சேர் இரிக்கு."

நான் எதையும் எண்ணி ஆறுதல் அடைபவன். அன்று என் மனம் எண்ணிய கணக்கு என்னையே பதறவைத்தது. தைப்பொங்கலில் இருந்து ஒவ்வொரு காலையும் அவள் அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறாள். அவருடைய முகத்துக்கு நேரே இருந்துகொண்டு அவருடைய பேரைப் போட்டிருக்கிறாள். ஒவ்வொரு காலையும் மணி அடித்திருக்கிறது. தேத்தண்ணி சொல்லியிருக்கிறாள். பேர் இல்லாதவர்களின் பக்கத்தில் பேர் எப்படி இருக்கும்? இந்தச் சின்ன விசயம் அவளுக்கும் தோன்றவில்லை, வாங்கில் இருந்த தாய்மாருக்கும் தோன்றவில்லை, ஊரை எண்ணிச் சம்பளம் வாங்கிய எனக்கும் தோன்றவில்லை. மணி அடித்தால் உயிரோடு இருக்கிறார் என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருந்தோம்.

கடை பூட்டிக் கிடந்தது. அவளுடைய தமையன் கூட்டிக்கொண்டு கோட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்தார் என்று கேள்விப்பட்டேன். தாட்ட இடத்தைக் காட்டினார்களாம். முப்பத்தொன்றாம் நாள் செலவுச் சடங்குக்கு நானும் போயிருந்தேன். 

பங்குனி கடைசியில் கடை திறந்தது. நான்கு கொம்பியூட்டரிலும் படங்கள் திறந்திருந்தன. ஒவ்வொரு பக்கமும் வந்து முடிய யுகமானது. பொடியன்கள் புறுபுறுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கச்சான் இல்லை, பெட்டிக்கு மேல் பாதமும் இல்லை.

அமிர்தகழி அம்மா வந்தார். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு முகத்தைத் துடைத்து, தன் இடத்தில் உட்கார்ந்து, "எங்கடயை ஒருக்காப் பாரு புள்ள" என்றார்.

"படத்தோடதான் பாக்கவேணும் அம்மா. பேர் போடாத ஆக்கள்தான் கூடுதலா இரிக்காங்க. அதில பேரைத் தேடி வேலையில்லை. முகத்தைத்தான் பாக்கவேணும்."

"படம் வேணாம். நீ வழமையாப் பாக்கிற மாதிரிப் பாரு."

"அது பிழை அம்மா."

"பிழையோ சரியோ, பேரைப் போடு."

அவள் கதிரையைத் திருப்பி அந்த அம்மாவுக்கு நேரே இருந்தாள். "அண்டைக்கு வாவிக்கரையில ஒரு ஆள் எண்டு வாசிச்சு, ஆரோ, நீங்க பயமில்லாமப் போங்க எண்டு சொன்னனே. ஞாபகம் இரிக்கா அம்மா? அது என்ர மனிசன்தான் அம்மா."

 தொலைபேசிக் கூட்டுக்குள் நின்ற ஆளும் பேச்சை நிறுத்திவிட்டார்.

அந்த அம்மா அவளையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு சொன்னார்: "அது உன்ர மனிசன் புள்ள. என்ர மகன் அப்பிடி இல்ல. நீ பேரைப் பாரு."

அன்று படம் இறங்கி வந்தது ஒன்று, இந்தச் சொல் ஒன்று. எது பெரிய அதிர்ச்சி என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் திரும்பினாள். படங்களை மூடினாள். வெள்ளைப் பெட்டிகள் வந்தன. பேரைப் போட்டாள். டிங். அடுத்தது. டிங். முடிந்ததும், "இல்லம்மா" என்றாள். பயமில்லாமப் போங்க என்று சொல்லவில்லை. அந்த அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. மகனைத் திட்டிக்கொண்டே படியிறங்கிப் போனார்.

அவர் ஒழுங்கை முனையைத் தாண்டும்வரை அவள் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு படங்களைத் திறந்தாள். பேர் இல்லாத பக்கங்களை முதலில் இருந்து ஒவ்வொன்றாகத் திறந்து, படம் மேலிருந்து கீழே இறங்கி முடியுமட்டும் காத்திருந்து, பார்த்து, மூடினாள். பக்கத்தில், அந்த அம்மா எப்போதோ கொடுத்துவிட்டுப் போன மகனின் பாஸ்போட் படம். அன்று பின்னேரம்வரை பார்த்தாள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் அப்படித்தான். அவருக்கு முன்னால் மணி. அவர் போன பிறகு முகங்கள்.

நான் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தேன். எனக்குப் பொறுக்கவில்லை.

"மகள், அந்தப் பொடியன் அதில இருந்திட்டானெண்டா என்ன செய்வாய்?"

அவள் திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. அடுத்த படம் இறங்கத் தொடங்கியிருந்தது.

"தெரியா சேர். அதாலதான் அவ போன பிறகு பாக்கிறன்."